நாய் தின்று சேர்த்த மைல்கள்

கோர்ரெகோ சேக்கோ,
கோயாஸ், பிரேசில்.
10 ஜனவரி 2011

தங்கச்சி ஜசீராவுக்கு,

தேவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும். இங்கே நானும் நில்வாவும் சௌக்கியம், கோழிகளும் சௌக்கியம். அந்த லண்டன் குளிரில் உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது?

போனில் பேசுவதில்லை, கடிதம்தான் என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. போனை எடுத்தால் நம் இரண்டு பேருக்கும் மூளைக்கு முன்னால் நாக்கு ஓடுகிறது. அம்மா அடக்கத்தன்று பேசிக்கொண்டது ஜென்மத்துக்கும் போதும். கடிதம் என்றால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இது மூன்றாவது தாள்.

விஷயம் இதுதான். ஆறாம் தேதி மூன்று அரசர் திருநாள் கொடி பாட்டுக்காரர்களோடு வீடு வீடாகப் போய் முடிந்து, கடைசி வீட்டில் சாப்பாடும் ஆயிற்று. கொடித்தலைவர் பெலர்மினோ ஐயா வழக்கம்போல எழுந்து, "அடுத்த வருஷம் கொடிய வாங்குற கை யாரோடது?" என்று கேட்டார். வாங்குகிறவர் அடுத்த வருஷம் ஊருக்கே சோறு போட வேண்டுமே! எல்லாரும் அவரவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நீ லண்டன் போன புதிதில் மூன்று வாரம் ஒரு சேதியும் இல்லை. அம்மா கொடிக்கு முன்னால் முழங்கால் போட்டாள். "எம் பொண்ணு குரல் என் காதுல விழட்டும் ராசாக்களே, அவ கையால கொடிய வாங்க வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாள். மறுநாளே நீ போன் செய்தாய். அந்த நேர்த்திக்கடன் அப்படியே நிற்கும்போதே அம்மா போய்விட்டாள். நேர்த்தி தீராமல் போனவர்கள் வாசலிலேயே நிற்பார்கள் என்பார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் சாயங்காலம் வாசல் கதவைச் சாத்த மனசு வருவதில்லை.

அதனால் கையைத் தூக்கிவிட்டேன். "என் தங்கச்சி வாங்குறா! அவகிட்ட மைல் சேந்திருக்கு, டிக்கெட்டு இலவசம்!" என்று கத்தினேன். ஊரே கை தட்டியது. நீதானே அம்மா காரியத்துக்கு எழுதிய கடிதத்தில், மைல் சேர்த்து இலவசமாக ஊருக்கு வருவேன் என்றாய்?

வந்துவிடு.

உன் அண்ணன்,
ஒலெகாரியோ

•

லண்டன்,
2 பிப்ரவரி 2011

அண்ணா,

ஆசி கேட்கிறேன். இங்கே நான் நலம். முழங்கை துடைப்பத்தைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, மற்றபடி சமர்த்து.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு நன்றாகத் திட்டினேன். என்னைக் கேட்காமல் என் பேரில் கொடியை வாங்க நீ யார்? சரி, வாங்கியாயிற்று. அம்மா சொன்ன சொல். வருகிறேன்.

மைல் என்றால் என்ன என்று ஊரில் கேட்பார்கள், சொல்லி வை. நான் வேலை பார்க்கும் வீட்டம்மா கடைக்குப் போகிற ரகம் இல்லை. சாமான் வாங்குவதெல்லாம் நான்தான். "உன் அட்டையையே காட்டிக்கோ, அந்தப் பாயிண்ட்ட வச்சு நான் என்ன செய்யப்போறேன்" என்று சொல்லிவிட்டார். கடை அட்டையில் சேரும் பாயிண்ட், விமான மைலாக மாறும். அந்த வீட்டில் ஹம்ப்ரி என்று ஒரு நாய் இருக்கிறது. கன்றுக்குட்டி அளவு. வீட்டில் நாலு பேர் தின்பதைவிட அது ஒன்று தின்பது அதிகம். அது வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஊர் பக்கத்தில் வருவதுபோல இருக்கும். "தின்னுடா ராசா, நல்லா தின்னு" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன். வீட்டம்மா நான் நாய்ப் பிரியை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலைக்குள் மைல் நிறைந்துவிடும். அண்ணியிடம் பெக்கிப் பழம் போட்ட சோறு கேட்டதாகச் சொல். கொட்டை முள்ளில் நாக்கு படாமல் சதையை மட்டும் சுரண்டித் தின்ன இன்னும் மறக்கவில்லை.

உன்,
ஜசீரா

•

கோர்ரெகோ சேக்கோ,
18 ஏப்ரல் 2011

தங்கச்சிக்கு,

தேவன் உன்னையும் அந்த ஹம்ப்ரியையும் ஆசீர்வதிக்கட்டும். அது வயிறு கெடாமல் இருக்க நில்வா மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். விளையாட்டு இல்லை, நிஜமாகவே ஏற்றுகிறாள்.

வீட்டுக்கு நீல வண்ணம் அடித்தாயிற்று. ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் எனக்குத் தலை சுற்றும் என்று உனக்குத் தெரியும். நான் கீழே நின்று அதிகாரம் செய்தேன், மேலே ஏறி அடித்தது உன் அண்ணி. போகிறவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள்.

விருந்துக்குப் பன்றி வாங்கினேன். நில்வா அதற்குப் பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்த உயிரை வெட்டக் கூடாது என்று இப்போது ஒரே பிடிவாதம். இன்னொன்று வாங்கி அவள் கண்ணில் படாமல் மச்சான் வீட்டில் கட்டியிருக்கிறேன். அரிசி தருகிறவர்கள், சோள மாவு தருகிறவர்கள், அடுப்பு மூட்ட வருகிறவர்கள் என்று ஊரே பேர் கொடுத்துவிட்டது.

பெலர்மினோ ஐயா ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "உங்கம்மா நேந்தது பொண்ணு கைக்கு. உன் கையி சரிப்படாது. அவளே வந்து வாங்கணும்." நான் சொன்னேன், "அவ வருவா ஐயா. இலவச டிக்கெட்டு வேணாம்னு சொல்ல அவளுக்கென்ன கிறுக்கா?"

உன் அண்ணன்,
ஒலெகாரியோ

•

லண்டன்,
28 ஜூலை 2011

அண்ணா,

ஆசி கேட்கிறேன். நலம்.

மைல் நிறைந்துவிட்டது. ஆனால் டிசம்பரில் இடம் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம் போலிருக்கிறது. எல்லாரும் பண்டிகைக்குப் போகிறார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன். ரொம்பச் செலவு இழுத்துவிட்டுக்கொள்ளாதே.

ஜசீரா

•

லண்டன்,
28 ஜூலை 2011

அன்புள்ள அண்ணி,

சுகமா? இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டாதீர்கள். அவனுக்கு எழுதியது பொய்.

இடம் இருக்கிறது அண்ணி. ஜன்னல் ஓரமே இருக்கிறது. நாள் போட்டேன், பேர் போட்டேன், மைலும் சரியாக இருந்தது.  கடைசியில் வரி, கூடுதல் கட்டணம் என்று ஒரு தொகை வந்து நின்றது. என்னுடைய இரண்டு மாத வாடகை அது. எங்கேயோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்து அவர்களுக்குப் போன் செய்தேன்.

"இலவசம்னுதானே போட்டிருக்கீங்க?"

"டிக்கெட் இலவசம்தாங்க. இது எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம்."

"எரிபொருள் இல்லாம விமானம் பறக்குமா? அப்ப எதைத்தான் இலவசமா குடுக்குறீங்க?"

 "எல்லாரும் இதைத்தாங்க கேக்குறாங்க" என்றாள் போனில் பேசிய பெண். பாவம், அவள் என்ன செய்வாள்!

இன்னொன்று. இது அண்ணனுக்குத் தெரியவே வேண்டாம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் இருந்த பணம் ஒன்று ஊருக்கு வரத்தான் காணும், இல்லையென்றால் ஊசிகளுக்குத்தான் காணும். வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுவதைவிட ஊசி போட்டால் பிழைப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்தது பற்றாமல் வெளியே கடன் வாங்கியும் அனுப்பினேன். அம்மா பிழைக்கவும் இல்லை, நான் முகம் பார்க்கவும் இல்லை. வாங்கியதை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டணம் எனக்கு மலையாக இருக்கிறது.

அடக்கத்தன்று அண்ணன் போனில் சொன்னானே, "பணம் அனுப்பிட்டா மகளாயிட முடியுமா?" என்று. அதற்கப்புறம் எப்படி அண்ணி இதைச் சொல்வேன்?

உங்கள்,
ஜசீரா

•

கோர்ரெகோ சேக்கோ,
25 ஆகஸ்ட் 2011

அடியே ஜசீரா,

தேவன் ஆசி உனக்கு. நாங்கள் இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். உன் அண்ணன் வந்து என்ன என்றார். வெங்காயம் என்றேன். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரன் நம் சந்தையில் கடை போட்டால் பொம்பளைகள் கூடையாலேயே அடிப்பார்கள்.

நீ சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவர் தினமும் வாசலுக்குப் போய்த் தபால்காரனைப் பார்க்கிறார். டீச்சர் மகனைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் விமானம் பார்க்கச் சொன்னார். அவன், "இடமெல்லாம் நெறைய இருக்கே மாமா" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சொல்லிவிடு பெண்ணே. உன் அண்ணன் பெக்கிப் பழம்தான், வாய் மட்டும் முள், மற்றதெல்லாம் சதை. பதினெட்டு வருஷமாகச் சுரண்டித் தின்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அண்ணி,
நில்வா

•

கோர்ரெகோ சேக்கோ,
5 செப்டம்பர் 2011

ஜசீரா,

இடம் இல்லை என்று எழுதினாய். இடம் இருக்கிறது. நான் விசாரித்தேன்.

வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. பொய் எழுதாதே. அம்மா மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும் நீ வரவில்லை. காசு கேட்காத டிக்கெட் கையில் இருந்தும் அவள் நேர்த்திக்கு வரவில்லை. அங்கே நாய்க்கு ஊட்ட நேரம் இருக்கிறது.

பெலர்மினோ ஐயாவிடம் கொடிப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஏற்ற கொடியை எங்கள் ஊரில் யாரும் இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை. முதல் ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒலெகாரியோ

•

லண்டன்,
4 அக்டோபர் 2011

அண்ணா,

நீ ஆசி தரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில், இந்த மைலே வேண்டாம், யாருக்காவது மாற்றிக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெரியவர் பேசினார். முன்னொரு தடவை பேசிய பெண்ணிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டேன், அழுதுகொண்டே. உனக்கும் இப்போது அதையே சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஆனால் எரிபொருள் கட்டணம் என்று இரண்டு மாத வாடகை கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்று அண்ணிக்குத் தெரியும். நான்தான் அவர்கள் வாயைக் கட்டினேன், திட்டாதே. கேட்டுத் தெரிந்துகொள். என் கையால் எழுத வரவில்லை. இலவசம், இலவசம் என்று பீற்றிக்கொண்டேனே, அந்த வெட்கம் வேறு.

இனிமேல்தான் விஷயம். அந்தப் பெரியவர் கேட்டார், "உங்களைப் பாக்க அங்கருந்து யாராவது வர்றாங்களா?" ஏன் என்றேன். "பிரேசில்லருந்து கெளம்புற டிக்கெட்டுக்கு எரிபொருள் கட்டணம் போட அந்த ஊர்ச் சட்டம் விடாதும்மா. விமான நிலைய வரி மட்டும்தான்" என்றார்.

அதே விமானம் அண்ணா. அதே இருக்கை, அதே எரிபொருள். இங்கிருந்து நான் கிளம்பினால் மலை, அங்கிருந்து நீ கிளம்பினால் மடு. வந்து திரும்பவும் அதே மைல் போதும். வரியை என்னால் கட்ட முடியும்.

என்னால் வர முடியாது. நீ கொடியை எடுத்துக்கொண்டு வருவாயா? ஏணியில் இரண்டாம் படி ஏறாதவனிடம் இதைக் கேட்கிறேன், தெரியும். கொடி ஊரைத் தாண்டலாமா என்பதும் எனக்குத் தெரியாது. முடியாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடு. உன் பேரில் தப்பில்லை, என் பேரில்தான் தப்பு என்று ஊரில் சொல்லிவிடு.

ஜசீரா

•

கோர்ரெகோ சேக்கோ,
1 நவம்பர் 2011

என் தங்கச்சி ஜசீராவுக்கு,

தேவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும். போன கடிதத்துக்கும் சேர்த்து இன்னொரு தடவை ஆசீர்வதிக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பிடு.

நில்வா சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். பன்றி வந்து என் முழங்காலை முட்டியது, பேர் வைத்த பன்றிதான். அந்த ஊசி ஒவ்வொன்றும் அம்மாவுக்குப் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. உன்னைப் பார்த்து, பணம் அனுப்பிவிட்டால் மகளாகிவிட முடியுமா என்றேன். அந்த நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும். மன்னித்துக்கொள் தங்கச்சி.

பெலர்மினோ ஐயாவிடம் போனேன். பாட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பெரிய சண்டை.

"கொடி ஆத்தத் தாண்டுனதே இல்ல, கடலத் தாண்டுமா?"

"பட்டிக்காட்டுக் கொடிய வெள்ளக்காரன் ஊருக்குக் கொண்டு போனா சிரிக்க மாட்டானுங்களா?"

பெலர்மினோ ஐயா எல்லாரையும் பேசவிட்டார். பிறகு என்னைக் கேட்டார், "உங்கம்மா வீட்டச் சொன்னாளா, கையச் சொன்னாளா?"

"கையத்தான் ஐயா."

"அப்ப கை எங்க இருக்கோ அங்க போக வேண்டியதுதான். கொடிதான் வீட்டத் தேடிப் போகும். எந்த வீடாவது கொடியத் தேடி நடந்து வந்துருக்கா? ராசாக்க மூணு பேரும் யேசு பிள்ளையத் தேடித்தானே போனாங்க? 'நீயே தொட்டிலோட கெளம்பி வா'ன்னு சொல்லி அனுப்புனாங்களா?"

 கடைசியில் அக்கார்டியன் வாசிக்கிறவன்தான், "ஒட்டகத்துக்குத் தீவனக் கட்டணம் தனியா வாங்கியிருப்பானுங்களா?" என்று கேட்டான். ஐயாவே சிரித்துவிட்டார்.

இந்த வருஷம் கொடி வழக்கம்போல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கிளம்பும். சுற்றை இரண்டு நாள் முன்னதாக முடித்துக்கொண்டு என் கையில் தருகிறார்கள். கடைசி வீடு உன் வீடு. ஆறாம் தேதி நீ கொடியை வாங்கும் நேரத்தில் இங்கே நில்வா ஊருக்குச் சோறு போடுவாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டோவில் செத்தவன் மாதிரி இருக்கிறேன். விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கும் என்று டீச்சர் மகன் சொல்ல வந்தான், காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் வருகிறேன். ஜன்னல் ஓரம் மட்டும் போட்டுவிடாதே.

உன் அண்ணன்,
ஒலெகாரியோ

•

லண்டன்,
24 நவம்பர் 2011

அண்ணா,

ஆசி கேட்கிறேன். இந்தத் தடவை கேட்கும்போதே கிடைத்ததுபோல் இருக்கிறது.

டிக்கெட் போட்டாயிற்று, நடு இருக்கை. கொடியைக் கம்பிலிருந்து கழற்றிச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போட்டுவிடாதே. ஸ்வெட்டர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று போட்டுக்கொள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால், "தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல். பன்றி கதையெல்லாம் சொல்லாதே.

என் அறை சின்னது. கொடி வந்தால் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். பரவாயில்லையா என்று பெலர்மினோ ஐயாவைக் கேள்.

ஜசீரா

•

லண்டன்,
7 ஜனவரி 2012

என் நில்வாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கொடியும் பத்திரம். நீயும் பேர் வைத்த பன்றியும் சௌக்கியமா? சோறு எல்லாருக்கும் பற்றியதா?

விமானத்தைப் பற்றிக் கேட்காதே. கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை, கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். இங்கே விமான நிலையத்தில் ஒரு அதிகாரி கொடியைப் பிரித்துப் பார்த்தார். மூன்று ராஜாக்கள், நட்சத்திரம், ரிப்பன்கள். என்னென்னவோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. ஜசீரா சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொன்னேன். பத்திரமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை நில்வா. அவ்வளவு மெலிந்திருக்கிறாள். அம்மாவைத்தான் பார்க்கிறேனோ என்று ஒரு நொடி ஆடிப்போனேன்.  போனில் எவ்வளவு கிழி கிழியென்று கிழித்தோம்! நேரில் அவள் என் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டாள், நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

நேற்றுத் துடைப்பக் கட்டையில் கொடியைக் கட்டினேன். வேறு கம்பு கிடைக்கவில்லை, ராஜாக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெருவில் பனித்தூறல். வாசலில் நின்று நான் ஒருவனாகப் பாட ஆரம்பித்தேன். அக்கார்டியன் இல்லை, மேளம் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பாட்டின் முடிவில் அந்த உச்சக் குரல் வரும் இல்லையா, எல்லாருக்கும் மேலே ஒரு குரல் "ஆய்" என்று நீளமாக ஏறுமே. நம் ஊரில் அம்மாதான் அடுப்படியிலிருந்து அதை எடுப்பாள். அந்த இடம் வந்தது. என் குரல் அந்த உயரத்துக்குப் போகாது. ஏணியில் போலவே அங்கேயும் நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து ஜசீரா எடுத்தாள். அழுதுகொண்டே எடுத்தாள், ஆனால் பிசகவில்லை.  கதவைத் திறந்து, முழங்கால் போட்டு, கொடியை அவள் கையால் வாங்கினாள். அந்த வீட்டில் மற்ற அறைகளில் குடியிருக்கும் எல்லாருக்கும் சோறு போட்டாள். எந்த ஊர்க்காரர்களோ தெரியாது, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அவளுடைய வீட்டம்மாவும் ஹம்ப்ரியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாய்க்கு முதல் உருண்டை நான் என் கையால் ஊட்டினேன். அதற்கு நாம் பட்ட கடன் கொஞ்சமா?

கொடியில் ரிப்பன் கட்டுவது முறை என்பதால், கட்டச் சொன்னேன். அவள் பையிலிருந்து அந்தக் கடை அட்டையை எடுத்தாள். ஓரம் தேய்ந்து, எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. மூலையில் ஓட்டை போட்டு, சிவப்பு ரிப்பனில் கோத்து, ராஜாக்களின் காலடியில் கட்டினாள்.

"இதுல இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணா. எல்லாம் நீ வந்ததுக்கே சரியாப் போச்சு" என்றாள்.

திங்கட்கிழமை கிளம்புகிறேன். தபால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்பதால், ஜசீரா இதைப் படமெடுத்து டீச்சர் மகன் கம்ப்யூட்டருக்கு இப்போதே அனுப்புகிறாள். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று சாயங்காலமே நம் வாசல் கதவைச் சாத்திவிடு. அம்மா போயிருப்பாள்.

உன்,
ஒலெகாரியோ